பெரிய வாரமும் சிறிய வாரங்களும்

2025 நவம்பர் 2ஆம் தேதி நுங்கம்பாக்கம் எஸ்.டி.ஏ.டி. டென்னிஸ் அரங்கில் சென்னை ஓப்பன் மகளிர் ஒற்றையர் பட்டத்தை வென்றவர் இந்தோனேசியாவின் ஜானிஸ் ஜென். இறுதி ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பிரெலை 6-4, 6-3 என்று நேர் செட்களில் சாய்த்தார். 2002இல் ஆஞ்செலிக் விஜாயா வென்ற பிறகு இந்தோனேசியப் பெண் ஒருவர் மகளிர் டென்னிஸ் சங்கமான டபிள்யூ.டி.ஏ.வின் ஒற்றையர் பட்டம் பெறுவது அதுவே முதல் முறை. சில ஆண்டுகளுக்கு முன்புவரை ஜென் அமெரிக்கக் கல்லூரி அணிக்காக ஆடிக்கொண்டிருந்தவர். படிப்பு முடிந்ததும் அவர் நேராக நுங்கம்பாக்கம் வந்துவிடவில்லை. டபிள்யூ-15, டபிள்யூ-35 என்று பெயரிட்ட, பார்வையாளர் வரிசையில் ஆட்டக்காரர்களின் அம்மாக்களும் பயிற்சியாளர்களும் மட்டுமே உட்கார்ந்திருக்கும் போட்டிகளில் வாரக்கணக்கில் ஆடி, வென்று, புள்ளி சேர்த்து வந்தார். 2025இல் அமெரிக்க ஓப்பனில் தகுதிச் சுற்றைத் தாண்டி முதல் சுற்றில் வெரோனிகா குதெர்மெத்தோவாவை வீழ்த்தியபோதுதான் பலருக்கு அவர் பெயர் தெரிந்தது.

நம் ஊரில் கோப்பையை வாங்கியவர் நம் ஊரில் இல்லாத ஏணியில் ஏறி வந்தவர் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. மகளிர் டென்னிஸைப் பற்றிச் சென்னையில் பேச்சு எழும்போதெல்லாம் கேள்வி ஒன்றாகத்தான் இருக்கிறது: அடுத்த ஆண்டும் பெரிய போட்டி வருமா? ஒரு பெண்ணை ஆட்டக்காரராக வளர்ப்பது ஊரே திரண்டு பார்க்கும் ஒரு வாரமா, யாரும் எட்டிப் பார்க்காத பத்து வாரங்களா என்று அதிகம் பேர் கேட்பதில்லை.

முதலில் ஏணியின் படிகள். உலக டென்னிஸ் கூட்டமைப்பான ஐ.டி.எஃப். நடத்தும் மகளிர் போட்டிகள் 2024 முதல் டபிள்யூ-15, 35, 50, 75, 100 என்று அழைக்கப்படுகின்றன. அந்த எண் பட்டம் வெல்பவருக்குக் கிடைக்கும் தரவரிசைப் புள்ளி. அதற்கு மேலே டபிள்யூ.டி.ஏ. 125, அதற்கும் மேலே சென்னை ஓப்பன் போன்ற 250, பிறகு 500, 1000, உச்சியில் நான்கு கிராண்ட்ஸ்லாம்கள். தரவரிசைப் பட்டியலில் பெயர் வரவே குறைந்தது மூன்று போட்டிகளில் புள்ளி எடுத்திருக்க வேண்டும், இல்லையென்றால் மொத்தம் பத்துப் புள்ளியாவது சேர்ந்திருக்க வேண்டும். எடுத்த புள்ளி ஓராண்டுதான் உயிரோடு இருக்கும். சென்ற ஆண்டு இதே வாரம் வென்றவர் இந்த ஆண்டு கணுக்கால் பிசகி வீட்டில் கிடந்தால், திங்கட்கிழமை வெளியாகும் பட்டியலில் சத்தமில்லாமல் கீழே போய்விடுவார். ஆகவே இந்த ஆட்டத்தில் மேலேறுவது பாதி வேலை. விழாமல் நிற்பது மறுபாதி.

இதைப் புரியவைக்கச் சென்னையின் ஆழ்வார்பேட்டைக்காரர்களுக்கு ரொம்பச் சிரமப்பட வேண்டியதில்லை. டி.டி.கே. சாலையின் ஒரு முனையில் மியூசிக் அகாடமி, கொஞ்சம் தள்ளி நாரத கான சபா. மார்கழியில் நண்பகலுக்கு அனுமதி இலவசமாக இளையவர் கச்சேரி. முன்வரிசையில் பாடுகிறவரின் மாமாவும் அத்தையும், பின்வரிசையில் கேன்டீன் திறக்கக் காத்திருக்கும் ரசிகர்கள். அங்கே நான்கைந்து வருடம் நின்றவருக்கு நாலு மணிக் கச்சேரி. அதிலும் நின்றவருக்கு மாலை ஆறரை மணி மேடை. மாலைக் கச்சேரியை மட்டும் வைத்துக்கொண்டு மதியக் கச்சேரிகளை நிறுத்திவிட்டால் இருபது வருடத்தில் மாலையில் பாட ஆள் இருக்காது என்பது இந்தத் தெருவில் யாருக்கும் தெரிந்த கணக்கு. டென்னிஸில் மட்டும் நாம் மாலைக் கச்சேரிக்கு டிக்கெட் வாங்கி, மதியத்தை வேறு ஊர்களுக்கு விட்டுவிட்டோம்.

ஒப்பீடு ஓர் இடத்தில் உடைகிறது என்பதையும் சொல்ல வேண்டும். மதியக் கச்சேரிப் பெண் கையில் தம்புராவோடு ஆட்டோவில் வீடு திரும்பிவிடுவாள். டபிள்யூ-15 ஆடும் பெண் விமானம் ஏற வேண்டும். பதினாறு பதினேழு வயது என்றால் கூட அம்மாவோ அப்பாவோ. அந்த மட்டத்தில் ஒற்றையர் பட்டமே வென்றாலும் கையில் வருவது இரண்டாயிரம் டாலரைச் சற்றுத் தாண்டும், அதிலும் வரிப் பிடித்தம் போக. முதல் சுற்றில் தோற்றால் இருநூறு டாலருக்கும் குறைவு, புள்ளி பூஜ்யம். விமானக் கட்டணம், ஓட்டல், சாப்பாடு, ராக்கெட்டுக்கு நரம்பு மாற்றும் செலவு இவற்றோடு ஒப்பிட்டால் இது சம்பளம் இல்லை, பேருந்துக் காசு.

இதை ஐ.டி.எஃப். தானே கணக்குப் போட்டுப் பார்த்தது. 2013ஆம் ஆண்டுத் தரவுகளை வைத்து நடந்த அந்த ஆய்வில், பயிற்சியாளர் ஊதியத்தைச் சேர்க்காமலே ஒரு வீராங்கனையின் சராசரி ஆண்டுச் செலவு 40,180 டாலர் என்று வந்தது. வரவும் செலவும் சமமாகும் இடம் ஆண்களுக்குத் தரவரிசை 336, பெண்களுக்கு 253. அதாவது உலகத்திலேயே 254ஆவது சிறந்த ஆட்டக்காரராக இருந்தாலும் அப்போது ஒரு பெண் வீட்டுக் காசைப் போட்டுத்தான் விளையாடினார். 253 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதற்கு எனக்குத் தோன்றும் விளக்கம் எளிது. கிராண்ட்ஸ்லாம் தகுதிச் சுற்றுக்கு நுழைவு கிடைப்பது ஏறக்குறைய அந்த எல்லையில்தான். 2024 விம்பிள்டனில் தகுதிச் சுற்றின் முதல் ஆட்டத்திலேயே தோற்றவருக்குக் கிடைத்தது 15,000 பவுண்டு. சிறிய போட்டிகளில் எத்தனை பட்டம் வென்றால் அந்தத் தொகை தேறும் என்று பார்த்தால் தலை சுற்றும். ஆண்டுக்கு நான்கு முறை அந்த வாசலில் நிற்க முடிந்தால் பிழைக்கலாம். முடியாவிட்டால் அப்பாவின் பி.எஃப். பணம்தான்.

இந்தியாவில் இந்த வாசலை எட்டியவர்கள் எத்தனை பேர்? 2018இல் கர்மன் கவுர் தண்டி ஒற்றையர் தரவரிசையில் முதல் இருநூறுக்குள் நுழைந்தபோது அவர் ஆறாவது இந்தியப் பெண். அவருக்கு முன் நிருபமா வைத்தியநாதன், சானியா மிர்சா, ஷிகா ஓபராய், சுனிதா ராவ், அங்கிதா ரெய்னா. இவர்களில் ஷிகாவும் சுனிதாவும் அமெரிக்காவில் வளர்ந்தவர்கள். அவர்களைத் தள்ளினால் உள்ளூர் மண்ணில் வளர்ந்தவர்கள் நான்கே பேர், அதுவும் ஏறத்தாழ கால் நூற்றாண்டில். நூற்று நாற்பது கோடி மக்கள் என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்த நான்கையும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

பெரிய போட்டிகள் இல்லாததால்தான் இந்த நிலை என்று சொல்லிவிட முடியாது. ஹைதராபாதில் 2003 முதல் மூன்று ஆண்டுகள் டபிள்யூ.டி.ஏ. போட்டி நடந்தது. 2005இல் சொந்த ஊர்க்கூட்டத்தின் முன்னால் சானியா அங்கே பட்டம் வென்றார், டபிள்யூ.டி.ஏ. ஒற்றையர் பட்டம் வென்ற முதல் இந்தியப் பெண் ஆனார். பெரிய வாரத்தின் பெருமைக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. பிறகு போட்டி பெங்களூருக்குப் போனது. 2008இல் செரீனா வில்லியம்ஸ் அங்கே வென்றார். கொல்கத்தாவில் 2005 முதல் 2007வரை மிஸ்கினா, ஹிங்கிஸ், கிரிலென்கோ என்று வரிசையாக நட்சத்திரங்கள் கோப்பை வாங்கினார்கள். 2008க்குப் பிறகு எல்லாம் காணாமல் போயின. அடுத்த முதல்நிலை டபிள்யூ.டி.ஏ. போட்டிக்கு இந்தியா பதினான்கு ஆண்டு காத்திருந்தது, 2022 செப்டம்பரில் சென்னைக்கு வரும்வரை. செரீனா வந்து போன அரங்குகளிலிருந்து இரண்டாவது சானியா வரவில்லை. சானியாவுமே 2005க்கு முன் ஆண்டுக்கணக்கில் சிறிய போட்டிகளில் உழைத்தவர்தான். ஹைதராபாத் கோப்பை அவரை உருவாக்கவில்லை, உருவாகியிருந்தவரை ஊருக்குக் காட்டியது.

நடுத்தரப் போட்டிகளின் கதை இதைவிடச் சுவாரசியமானது, ஆனால் யாரும் சொல்வதில்லை. 2012இல் புணேயில் ஒரு 125 மட்டப் போட்டி. பதினெட்டு வயது எலினா ஸ்விட்டோலினா இறுதியில் ஜப்பானின் மூத்த ஆட்டக்காரர் கிமிகோ தாதேயை வென்றார். பின்னாளில் உலக மூன்றாம் நிலைவரை போனார். 2017இல் மும்பையில் அதே மட்டம். பட்டம் பத்தொன்பது வயது அரினா சபலென்காவுக்கு. பின்னாளில் அவர் உலகின் முதல் இடத்தைப் பிடித்தார். மேலே போகிறவர்கள் இந்தப் படிகளில் கால் வைத்துத்தான் போகிறார்கள். நம் பெண்கள் அதே படியில் நிற்க வாய்ப்பு இருந்தால் அவர்களோடு பந்து அடித்துப் பார்க்கலாம். தோற்றாலும் எவ்வளவு தூரம் என்று தெரியும்.

சென்னைக்கு வருவோம். 1995 தெற்காசிய விளையாட்டுகளுக்காக எழுந்த நுங்கம்பாக்கம் அரங்கில் 1997 முதல் 2017வரை ஆண்களின் ஏ.டி.பி. போட்டி நடந்தது. கார்லோஸ் மோயா இரண்டு முறை, வாவ்ரிங்கா நான்கு முறை வென்றார்கள். ஜனவரி முதல் வாரம் என்றால் இந்த ஊரில் டென்னிஸ் என்று ஒரு தலைமுறைக்கே பழகிப்போனது. பிறகு போட்டி புணேக்குக் கைமாறியது. அன்றைய ஏமாற்றம் இன்றும் பலருக்கு ஆறவில்லை. 2022இல் தமிழ்நாடு டென்னிஸ் சங்கத் தலைவர் விஜய் அமிர்தராஜின் முயற்சியாலும் தமிழ்நாடு அரசின் ஆதரவாலும் மகளிர் 250 வந்தது. செக் நாட்டின் பதினேழு வயது லிண்டா ஃப்ரூவிர்த்தோவா இறுதியில் போலந்தின் மக்தா லினெட்டை மூன்று செட்களில் வென்றார். மறு ஆண்டு அவர் உலகின் முதல் ஐம்பதுக்குள் நுழைந்தார். அதற்கடுத்த ஆண்டே நூறுக்கு வெளியே சரிந்தார். ஏறுமுகம் என்பது ஒரே நேர்கோடு அல்ல என்பதற்கு இவரைவிடச் சிறந்த உதாரணம் தேட வேண்டாம். பதினேழு வயதில் கோப்பை தூக்குகிறவரை நாளைய சாம்பியன் என்று எழுதிவிடுவது பத்திரிகைக்காரர்களான எங்களுடைய பழைய வியாதி.

அந்தப் போட்டியில் இந்தியர்கள் என்ன ஆனார்கள்? வைல்ட் கார்டில் நுழைந்த கர்மன், பிரான்ஸின் க்ளோயி பாகேயை முதல் சுற்றில் வென்றார். அரங்கம் எழுந்து நின்றது. அடுத்த சுற்றில் யூஜினி பூஷார்டிடம் தோற்றார். அங்கிதா முதல் சுற்றில் தட்யானா மரியாவிடம் ஒரே ஒரு கேம் மட்டும் எடுத்துத் தோற்றார். பெரிய போட்டியில் வைல்ட் கார்டு என்பது தரவரிசை போதாதவருக்கு நடத்துபவர் தரும் அழைப்பிதழ். விருந்துக்குப் போகலாம், ஆனால் அந்த மேசையில் தினமும் சாப்பிடுகிறவர்களோடு போட்டி போட வேண்டும். ஒரு சுற்று வென்றால் கிடைக்கும் புள்ளி பெரிதுதான். வெல்லும் வாய்ப்புதான் சிறிது. கர்மனுக்கு அந்த ஆண்டு உண்மையில் உதவியது வேறு. அதே 2022இல் கனடாவின் சகனே நகரில் ஒரு டபிள்யூ-60 பட்டத்தை வென்றார் (இன்றைய கணக்கில் 75). சென்னையில் அதைப் பற்றி எத்தனை பேர் பேசினார்கள்? நுங்கம்பாக்கத்தில் வென்ற அந்த ஒரு சுற்றுதான் பேச்சாக இருந்தது.

கோயம்புத்தூர்ப் பெண் மாயா ராஜேஸ்வரன் ரேவதியின் கதையும் இந்தப் பக்கமே சாய்கிறது. 2025 பிப்ரவரியில் மும்பை ஓப்பன் 125 போட்டியில், பதினைந்து வயதில், தகுதிச் சுற்றில் தொடங்கி அரையிறுதிவரை போனார். அங்கே அவரை நிறுத்தியவர் சுவிட்சர்லாந்தின் ஜில் டைக்மன். அந்தப் பட்டமும் டைக்மனுக்கே. அதற்குப் பிறகு மாயா மயோர்க்காவில் உள்ள ரஃபா நடால் அகாடமிக்குப் பயிற்சிக்குப் போனார். பெயருக்குப் பின்னால் அம்மாவின் பெயரையும் சேர்த்துக்கொண்டிருக்கும் இந்தப் பெண், பெரிய அரங்கின் அழைப்பிதழால் அறியப்படவில்லை. கீழ்ப்படியிலிருந்து ஆட்டம் ஆட்டமாக வென்றதால் அறியப்பட்டார்.

மாயாவின் வயதுக்கு ஒரு கட்டுப்பாடும் உண்டு. ஜெனிஃபர் கப்ரியாத்தி பதின்ம வயதில் உச்சிக்குப் போய் உடைந்து விழுந்ததைப் பார்த்த டபிள்யூ.டி.ஏ., 1995இல் வயது வரம்பைக் கொண்டுவந்தது. பதினான்குக்குக் கீழே தொழில்முறைப் போட்டியே கூடாது. அதன்பின் பதினெட்டு வரை ஆண்டுக்கு இத்தனை போட்டிதான் என்று உச்சவரம்பு. நல்ல விதிதான். ஆனால் அளந்து கொடுத்த அந்தச் சில போட்டிகளை எங்கே ஆடுவது என்பது இதனால் மிக முக்கியமாகிவிடுகிறது. வீட்டிலிருந்து ஓர் இரவு ரயில் தூரத்தில் போட்டி இருந்தால் ஒன்று; துனீசியாவில் இருந்தால் வேறு.

துனீசியா என்றது பேச்சுக்காக இல்லை. அங்கே மொனஸ்திர் என்ற கடற்கரை ஊரில், ஓட்டல் வளாகத்துக்குள்ளேயே, ஏறக்குறைய வாரம் தவறாமல் ஆண்களுக்கும் பெண்களுக்கும் 15 மட்டப் போட்டி நடக்கிறது. துருக்கியின் அன்டால்யாவும் எகிப்தின் ஷர்ம் எல்-ஷேக்கும் இதே மாதிரி. ஆட்டக்காரர்கள் தங்கும் அறை வாடகையில்தான் போட்டியின் வயிறு நிறைகிறது. ரசிகர் டிக்கெட்டை யாரும் எதிர்பார்ப்பதில்லை. இந்தியப் பெண்கள் பலர் அங்கே போய் மூன்று வாரம், நான்கு வாரம் தங்கி ஆடிவிட்டு வருகிறார்கள். அந்த அறை வாடகையில் ஒரு பங்கை இங்கேயே வாங்கியிருக்கலாம் என்று நம் ஓட்டல்காரர் யாருக்கும் தோன்றாதது ஆச்சரியம்.

இந்தியாவில் இதைச் செய்கிற ஊர்கள் இல்லாமல் இல்லை. புணே டெக்கான் ஜிம்கானாவில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு மகளிர் ஐ.டி.எஃப். போட்டி நடந்துவருகிறது. ஆதரவு கொடுப்பவர்கள் என்.இ.சி.சி., அதாவது தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு. நாமக்கல் கொள்முதல் விலை என்று தினமும் செய்தியில் நாம் கேட்கிற அதே என்.இ.சி.சி.தான்! நாமக்கல்லில் முட்டை, புணேயில் டென்னிஸ். இந்தப் பங்கீட்டைப் பற்றி நாமக்கல்காரர்கள் ஒருநாள் கேட்க வேண்டும். சோலாப்பூர் போன்ற சிறிய தொழில் நகரமும் மகளிர் போட்டி நடத்துகிறது. பெங்களூரில் ஒரு குடும்ப அறக்கட்டளை ஆதரவில் போட்டி நடக்கிறது. பெரிய அரங்கமோ நேரலையோ நட்சத்திரமோ அங்கே தேவைப்படுவதில்லை. நாலைந்து நல்ல கோர்ட், விதி தெரிந்த நடுவர்கள், ஒரு பிசியோ, தங்க இடம், மூன்று வேளை சாப்பாடு இருந்தால் போதும்.

இங்கே ஒரு எதிர்வாதம் எழும். அதில் நியாயமும் உண்டு. நம் பணத்தில் போட்டி நடத்தினால் புள்ளியை வெளிநாட்டுக்காரர் கொண்டுபோகிறார். 2023இல், பழைய கணக்கில் டபிள்யூ-40 எனப்பட்ட பெங்களூர்ப் போட்டியின் இறுதியில் அங்கிதாவை வென்றவர் பதினைந்து வயது ப்ரெண்டா ஃப்ரூவிர்த்தோவா, சென்னையில் வென்ற லிண்டாவின் தங்கை. அக்கா சென்னையில், தங்கை பெங்களூரில். ஆனால் தோற்ற அங்கிதாவுக்கும் இறுதிக்குரிய புள்ளி கிடைத்தது. அவருக்குக் கீழே தகுதிச் சுற்றில், முதல் இரண்டு சுற்றுகளில் எத்தனையோ இந்தியப் பெண்கள் ஆடினார்கள். 250 போட்டியில் இரண்டு மூன்று பேருக்கு இடம். இந்த மட்டத்தில் தகுதிச் சுற்றையும் சேர்த்தால் இருபது பேருக்கு மேல். வெளிநாட்டவரே வராத போட்டியில் எடுத்த புள்ளி, வெளியூரில் முதல் அடியிலேயே உடைந்துபோகும்.

இத்தாலியைப் பார்க்கலாம். அந்த நாட்டுச் சங்கம் உள்ளூரில் நடுத்தர, சிறிய போட்டிகளை ஏராளமாக நடத்தியது. 2019 பிப்ரவரியில், ஆண்களுக்கான இடைநிலைப் போட்டியான பெர்கமோ சேலஞ்சரில் 546ஆம் தரவரிசையில் இருந்த பதினேழு வயதுப் பையன் ஒருவனுக்கு வைல்ட் கார்டு கொடுத்தார்கள்; அவன் பட்டமே வென்றான். பெயர் யானிக் சின்னர். இங்கேயும் வைல்ட் கார்டுதான், ஆனால் கொடுத்த படி வேறு: எட்டக்கூடிய உயரத்தில் இருந்த படி. சென்னைக்கும் இது புதிதில்லை. 2024 பிப்ரவரியில் நுங்கம்பாக்கத்தில் நடந்த ஆண்கள் சேலஞ்சரில் வென்றுதான் சுமித் நாகல் முதல் நூறுக்குள் போனார். பெண்களுக்கும் அதே இடைநிலைப் படியைத் தொடர்ந்து போடலாமே என்று கேட்க அந்த வாரமே போதும்.

ஆழ்வார்பேட்டையைச் சுற்றியுள்ள தெருக்களுக்கு டென்னிஸ் பாரம்பரியம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அடுத்துள்ள ஆலிவர் சாலை, இன்றைய முசிறி சுப்பிரமணியம் சாலை, கிருஷ்ணன் குடும்பத்தோடு சேர்த்துச் சொல்லப்படுவது. ராமநாதன் கிருஷ்ணன் 1954இல் விம்பிள்டன் சிறுவர் பட்டம் வென்றார். 1960, 1961 இரண்டு ஆண்டும் விம்பிள்டன் அரையிறுதி ஆடினார். மகன் ரமேஷ் 1979இல் அதே சிறுவர் பட்டத்தை வாங்கினார். நுங்கம்பாக்கத்துப் பக்கம் அமிர்தராஜ் சகோதரர்கள். 1980களில் அவர்களுடைய பிரிட்டானியா அமிர்தராஜ் அகாடமியிலிருந்து லியாண்டர் பயஸ் வந்தார். எல்லாம் பெருமைதான். பட்டியலை இன்னொரு முறை படித்தால் அத்தனையும் ஆண் பெயர்கள். தமிழ்நாட்டிலிருந்து மகளிர் ஒற்றையரில் உலக அளவில் பேசப்பட்ட பெயர்கள் என்றால் நிருபமாவும் மாயாவும்; இருவருமே கோயம்புத்தூர். நிருபமா 1998 ஆஸ்திரேலிய ஓப்பனில் இத்தாலியின் குளோரியா பிட்சிகினியை வென்று, ஓப்பன் காலத்தில் கிராண்ட்ஸ்லாம் பிரதானச் சுற்றில் ஓர் ஆட்டம் வென்ற முதல் இந்தியப் பெண் ஆனவர். அவருக்கும் மாயாவின் மும்பை அரையிறுதிக்கும் நடுவே 27 ஆண்டுகள். அரங்கம் சென்னையில், பெண்கள் கோயம்புத்தூரிலிருந்து. சென்னைக்காரனாக எனக்கு இதில் கொஞ்சம் வெட்கம்தான்.

சென்னையில் பெண்கள் ஆடவில்லை என்பது இல்லை. வார இறுதியில் எந்த அகாடமிக்குப் போனாலும் பாதிக்குப் பாதி சிறுமிகள். அவர்கள் பெற்றோர்கள் டி.எஸ்., சி.எஸ்.-7, சூப்பர் சீரிஸ் என்று அகில இந்திய டென்னிஸ் சங்கத்தின் இளையோர் போட்டி வகைகளை மனப்பாடமாகச் சொல்வார்கள். பதினான்கு, பதினாறு வயதுப் பிரிவுவரை கூட்டம் இருக்கிறது. அதற்குப் பிறகு உதிர்ந்துவிடுகிறது. பத்தாம் வகுப்பு, பிறகு பன்னிரண்டாம் வகுப்பு, நீட்டோ ஜே.இ.இ.யோ. இந்தியாவில் மகளிர் ஐ.டி.எஃப். போட்டிகள் அதிகம் நெருங்கி வரும் மாதங்களும், பொதுத்தேர்வுக்கு மாதிரித் தேர்வு எழுதும் மாதங்களும் ஒன்றாகவே இருக்கின்றன. மார்ச்சில் பரீட்சையை வைத்துக்கொண்டு பிப்ரவரியில் குவாலியருக்குப் போகிறேன் என்று ஒரு பெண் சொன்னால் எந்த வீட்டில் சரி என்பார்கள்? அதே போட்டி நுங்கம்பாக்கத்தில் நடந்தால் காலையில் ஆடிவிட்டு மாலையில் டியூஷனுக்குப் போகலாம். முதல் சுற்றில் தோற்றால் நஷ்டம் ஒரு நாள்தான்.

ஜானிஸ் ஜென் போன வழியும் இங்கே நினைக்கத்தக்கது. அமெரிக்கக் கல்லூரிகள் டென்னிஸ் உதவித்தொகையில் படிக்க வைக்கின்றன; நான்கு ஆண்டு தரமான பயிற்சியும் ஆட்டமும் கிடைக்கும், கையில் பட்டமும் இருக்கும். முன்பெல்லாம் கல்லூரிக்குப் போனால் தொழில்முறை ஆட்டம் முடிந்தது என்பார்கள். இருபத்துமூன்று வயதில் சென்னைக் கோப்பையைத் தூக்கிய பெண் அந்தப் பேச்சைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறார். படிப்பா விளையாட்டா என்று இழுபடும் நம் வீடுகளுக்கு இது நல்ல செய்தி. ஆனால் கல்லூரி முடித்து வந்த பிறகும் ஏறுவதற்குக் கீழ்ப்படி வேண்டும்.

இந்தக் கீழ்ப்படியை மிகைப்படுத்திப் புகழவும் கூடாது. அங்கே இருட்டும் உண்டு. சிறிய போட்டிகளின் ஒவ்வொரு பாயின்ட்டும் நேரடித் தரவாகச் சூதாட்ட நிறுவனங்களுக்கு விற்கப்பட்டது. நானூறாம் தரவரிசைக்காரருக்கு, வென்றால் கிடைக்கும் பரிசைவிடத் தோற்றால் கிடைக்கும் கையூட்டு அதிகம் என்ற நிலையில் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2018இல் அறிக்கை தந்த சுயாதீன ஆய்வுக்குழு, மிகக் கீழ் மட்டத்தில் அந்த விற்பனையை நிறுத்தச் சொன்னது. பணம் வைத்துத் தோற்றவர்களின் வசை நேரே ஆட்டக்காரர்களின் கைபேசிக்கு வருகிறது. டபிள்யூ.டி.ஏ.யும் ஐ.டி.எஃப்.பும் 2025இல் வெளியிட்ட கணக்குப்படி, 2024இல் 458 ஆட்டக்காரர்களைக் குறிவைத்துச் சுமார் 8,000 வசைப்பதிவுகள். அவற்றில் நூற்றுக்கு நாற்பது ஆத்திரமடைந்த சூதாடிகளுடையவை. பதினேழு வயதுப் பெண் முதல் சுற்றில் தோற்றுவிட்டு அறைக்குத் திரும்பிக் கைபேசியைத் திறக்கும்போது அங்கே இருப்பது இதுதான். போட்டி நடத்துகிறவர் கோர்ட்டைத் தயார் செய்தால் மட்டும் போதாது என்பதற்காகச் சொல்கிறேன்.

கீழ்ப்படியில் இவ்வளவு குப்பை என்றால் அந்தப் படியையே எடுத்துவிடலாமே என்றும் ஒரு முறை முயன்று பார்த்தார்கள். 2019இல் ஐ.டி.எஃப். 15,000 டாலர் போட்டிகளுக்கு உலகத் தரவரிசைப் புள்ளியை நீக்கி, தனியாக ஒரு தரவரிசையைக் கொண்டுவந்தது. தொழில்முறை ஆட்டக்காரர் எண்ணிக்கையைக் குறைத்தால் இருப்பவர்களாவது பிழைப்பார்கள் என்பது எண்ணம். ஒரே இரவில் பட்டியலிலிருந்து மறைந்துபோன நூற்றுக்கணக்கானவர்கள் கூச்சலிட்டார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டுக்குள் புள்ளிகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஏணியின் அடியை வெட்டிப் பார்த்த அந்த எட்டு மாதச் சோதனையைச் சென்னையில் திட்டம் போடுகிறவர்கள் படித்துப் பார்க்கலாம்.

மகளிர் 250 சென்னைக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அரங்கில் உட்கார்ந்து பார்க்கும் எட்டு வயதுச் சிறுமிக்கு அது என்ன செய்யும் என்பதை எந்தக் கணக்கிலும் அடக்க முடியாது. 2022இல் வந்து, இரண்டு ஆண்டு வராமல் இருந்து, 2025இல் மீண்டும் வந்த போட்டி இனித் தவறாமல் வர வேண்டும். ஆனால் அது கிடைத்திருக்கும் வாரத்தைப் பாருங்கள். அக்டோபர் கடைசி, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரம். 2025இல் மோந்தா புயல் ஆந்திரக் கரையைக் கடந்த அதே வாரத்தில்தான் போட்டி. தொடக்க நாள்களை மழை கொண்டுபோனது. இந்த ஊரில் வெட்டவெளி ஆட்டத்துக்கு ஜனவரியைப் போல ஒரு மாதம் கிடையாது என்பதை ஆண்கள் போட்டி பல ஆண்டு நிரூபித்தது. பெரிய மகளிர் போட்டிக்கு ஜனவரி கிடைக்காது. முன்னணி ஆட்டக்காரர்கள் எல்லாரும் ஆஸ்திரேலியாவில் இருப்பார்கள்.

சிறிய போட்டிக்கு அந்தத் தடை இல்லை. ஆஸ்திரேலிய ஓப்பன் தகுதிச் சுற்றில் 128 பெண்களுக்குத்தான் இடம். அதற்குக் கீழே முந்நூறாம் இடத்திலும் எழுநூறாம் இடத்திலும் இருக்கிறவர்கள், ஐரோப்பாவில் பனி கொட்டும் அந்த வாரங்களில், வெளியில் ஆடுவதற்கு வெயில் அடிக்கும் ஊரைத் தேடிக்கொண்டிருப்பார்கள். பொங்கலுக்கு முன் சென்னையில் ஒரு வாரம், பொங்கல் கழித்துக் கோயம்புத்தூரில் ஒன்று, பிறகு மதுரையிலோ திருச்சியிலோ ஒன்று என்று மூன்று டபிள்யூ-15, 35 போட்டிகளைத் தொடராக வைத்தால், ஒரே விமானச் செலவில் மூன்று வாரம் ஆடலாம் என்று வெளிநாட்டினரும் வருவார்கள். பிப்ரவரிக்குள் முடிந்துவிடும் என்று பன்னிரண்டாம் வகுப்புப் பெண்களின் வீட்டிலும் சம்மதிப்பார்கள். மூன்றுக்கும் சேர்த்துப் பரிசுத் தொகை, 2022 சென்னை ஓப்பன் ஒரு வாரத்தில் கொடுத்த இரண்டரை லட்சம் டாலரில் பாதியைக்கூட எட்டாது. இத்தகைய போட்டிகளுக்குப் பெயர் பதியும் கடைசி நாள், ஆட்டம் தொடங்குவதற்கு இரண்டரை வாரம் முன்பு வரும். அதாவது நாரத கான சபாவில் மதியக் கச்சேரிகள் நடந்துகொண்டிருக்கும் நாள்களில் யாராவது ஒருவர் உட்கார்ந்து ஜனவரிக்கான ஆட்டக்காரர் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.